மலச்சிக்கல், வயிற்று உப்புசம், புரியாத அறிகுறிகள்: சூரண டப்பாவைத் திறப்பதற்கு முன்

நம் வீடுகளில் வயிற்று வைத்தியம் பெரும்பாலும் என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இரண்டு நாள் போகவில்லையென்றால் இரவில் ஒரு கரண்டி சூரணம். வயிறு ஊதினால் ஒரு சோடா. நெஞ்சைக் கரித்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. மூன்றும் அவ்வப்போது பலன் தருவதால், அந்தப் பழக்கம் பத்து வருடம் ஆனாலும் விடுவதில்லை.

மலச்சிக்கல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் குறைந்தது மூன்று வகை இருக்கின்றன. மலமே கெட்டியாக இருப்பது ஒன்று. பெருங்குடல் மெதுவாக நகர்த்துவது இன்னொன்று. ஆசனவாய் வரை வந்துவிட்ட மலம் வெளியேற வழியில்லாமல் நிற்பது மூன்றாவது. முதல் வகைக்கு மருந்தாகும் நார்ச்சத்து மற்ற இரண்டு வகைக்காரர்களின் வயிற்றை மேலும் ஊத வைக்கலாம். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போவது நல்லது: முதலில் ஆபத்தை விலக்குங்கள், அடுத்து கவனியுங்கள், அதன் பிறகே எதையாவது மாற்றுங்கள்.

படி 1: வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

வயிறு பெரிதாக வீங்கி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் அறவே வெளியேறாமல் இருந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது பேதி மருந்து கொடுப்பது ஆபத்து; நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொட்டாலே தாங்காத வலி, காய்ச்சலோடு கூடிய கடும் வயிற்று வலி, தார் போலக் கறுத்துப் பிசுபிசுவென்று கடும் நாற்றத்தோடு போகும் மலம், நிறைய ரத்தம் போவது ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேல் வயிற்றிலோ நடு நெஞ்சிலோ இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குதல், தோள், தாடை அல்லது இடது கைக்குப் பரவும் வலி, இவற்றை "வாயுதான், ஒரு ஏப்பம் விட்டால் சரியாகும்" என்று ஓம வாட்டர் குடித்துவிட்டுப் படுத்தவர்கள் நம் ஊரில் ஏராளம். மாரடைப்பு அப்படித்தான் ஏமாற்றும், அதிலும் சர்க்கரை நோயாளிகளையும் பெண்களையும் வயதானவர்களையும் அதிகமாக. இந்த அறிகுறிகள் இருந்தால் 108-ஐ அழையுங்கள். இசிஜி எடுத்து இதயத்தில் கோளாறில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு வாயு என்று பேசிக்கொள்ளலாம்.

அவசரம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாதவை வேறு சில: காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த சோகை, மலத்தில் ரத்தம், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, 45 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப் பழக்கம், நெருங்கிய ரத்த உறவில் பெருங்குடல் புற்றுநோய். "மூலம்தான், ரத்தம் வரத்தான் செய்யும்" என்று தானாகவே முடிவு கட்டுவது இந்தப் பட்டியலில் மிகப் பெரிய தவறு. மூலம் உள்ளவருக்கும் உள்ளே வேறொன்று இருக்கலாம்.

படி 2: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

தினமும் ஒரு முறை போயே ஆக வேண்டும் என்பது விதியல்ல. ஒரு நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்பின் எல்லைக்குள்தான் வரும், சிரமமில்லாமல் போனால். எண்ணிக்கையைவிட மலத்தின் உருவம் அதிகம் சொல்லும். 1997-இல் பிரிஸ்டல் நகரின் மருத்துவ ஆய்வாளர்கள் வெளியிட்ட பிரிஸ்டல் அட்டவணை மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. ஆட்டுப் புழுக்கை போலத் தனித்தனி உருண்டையாக வருவது முதல் வகை. உருண்டைகள் ஒட்டிக் கட்டியாக வருவது இரண்டாவது. இவை இரண்டும் குடலில் நெடுநேரம் தங்கி நீர் வற்றியதற்கு அடையாளம். மேலே வெடிப்புள்ள மூன்றாவதும் வழவழப்பான நான்காவதும் நல்லவை. ஐந்திலிருந்து இளகத் தொடங்கி ஏழாவது வெறும் தண்ணீர்.

ஒரு நோட்டில் நாளும் நேரமும் இந்த வகை எண்ணும் போதும். கூடவே மூன்று விஷயம்: முக்க வேண்டியிருந்ததா, முடித்த பிறகும் மிச்சம் இருப்பதாகத் தோன்றியதா, வயிறு ஊதியது சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து. இந்த இரண்டு வாரமும் எந்தப் புதிய வைத்தியத்தையும் தொடங்காதீர்கள். ஐந்து மாற்றங்களை ஒரே வாரத்தில் செய்துவிட்டு எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் தவிப்பவர்களே அதிகம்.

உருண்டை உருண்டையாக வந்தால் தொடக்கத்தில் சொன்ன மூன்று வகை மலச்சிக்கலில் முதல் இரண்டைச் சந்தேகிக்கலாம். மலம் மென்மையாகவே இருந்தும் வெளியேற மறுக்கிறது, அரைமணி உட்கார்ந்தும் பாதிதான் போகிறது, சில சமயம் விரலால் எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் அது வாசலில் உள்ள கோளாறு. கடைசியாகச் சொன்னதை யாரும் வெட்கத்தால் மருத்துவரிடம் சொல்வதில்லை. ஆனால் நோயைக் கண்டுபிடிக்க மிகவும் உதவுவது அந்த ஒரு வாக்கியம்தான்.

படி 3: மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

உணவைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், அலுமினியம் கலந்த அமில நீக்கிகள், கோடீன் உள்ள இருமல் மருந்து, டிராமடால் வகை வலி நிவாரணிகள், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், ரத்த அழுத்தத்துக்கான வெரபமில் ஆகியவை மலத்தைக் கட்டும். உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் போடப்படும் செமாகுளுடைடு ஊசியும் அப்படியே.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு சங்கதி. மெட்பார்மின் வயிற்றைக் கலக்கலாம். வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் மாவுச்சத்து சிறுகுடலில் சர்க்கரையாக மாறுவதைத் தாமதப்படுத்துகின்றன. மிஞ்சும் மாவு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் காற்றை உண்டாக்குகின்றன. "சர்க்கரை மாத்திரை மாற்றியதிலிருந்து ஒரே காற்று" என்று சொல்பவர்களின் சீட்டில் பெரும்பாலும் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள், மாற்று உண்டு.

படி 4: நேரமும் உட்காரும் விதமும்

செலவே இல்லாத இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். சாப்பாடு இரைப்பையை நிறைத்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். தூங்கி எழுந்த காலைப் பொழுதில் இந்த அசைவு வலுவாக இருக்கும். காலைக் காபி குடித்தவுடன் போக வேண்டும் என்பவர்களின் அனுபவம் உண்மையே. காபி சிலருக்குக் கடைசிப் பகுதிக் குடலைச் சில நிமிடங்களில் தூண்டுகிறது. ஆனால் அந்த உந்துதல் வந்ததும் அலுவலகப் பேருந்துக்கும் பள்ளி வேனுக்கும் ஓடினால், குடல் காத்திருந்து சலித்துப் பின்வாங்கிவிடும். மலம் மேலே தங்கி மேலும் வற்றும். பள்ளிக் கழிவறைக்குப் போகப் பயந்து மாலை வரை அடக்கும் பிள்ளைகள், வேலையிடத்தில் கழிப்பறையே இல்லாத பெண்கள், நெடுந்தூர ஓட்டுநர்கள் எல்லோருக்கும் நோய் தொடங்குவது இந்த அடக்குதலில்தான். அவர்களிடம் "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று அறிவுரை சொல்வது கொஞ்சம் கொடுமை.

செய்ய வேண்டியது: காலையில் எதையாவது சாப்பிட்டோ குடித்தோ, அரைமணிக்குள் கழிவறையில் உட்காருங்கள். உந்துதல் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து நிமிடம், அதிகபட்சம் பத்து. கைப்பேசி வெளியே இருக்கட்டும். நெடுநேரம் உட்கார்வது மூலத்துக்கு நேர்வழி.

குந்தி உட்காரும்போது மலக்குடலைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. மேற்கத்தியக் கழிப்பிடத்தில் நாற்காலியில் போல் நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த வளைவு முழுதாக நிமிர்வதில்லை. முழங்கால் வலியால் இந்தியக் கழிப்பிடத்தைக் கைவிட்ட பெரியவர்களுக்கு ஒரு சிறிய முக்காலி போதும்: பாதங்களை அதில் வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி செய்து, முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கக் கூடாது. வயிற்றை வெளிப்பக்கம் உப்பவிட்டு, வாயைத் திறந்து மெதுவாக மூச்சை விட்டபடி கீழ்ப்புறத்தைத் தளர்த்துங்கள். மூச்சடக்கி முக்கும்போது பலர் தங்களை அறியாமல் ஆசனவாயையும் இறுக்கிக்கொள்கிறார்கள். வயதானவர்களுக்கு அப்படி முக்கும்போது தலைசுற்றி மயக்கமும் வரும்.

இப்படிச் சில வாரம் பழகியும் மென்மையான மலமே நின்றுவிடுகிறது என்றால் கூடுதல் மலமிளக்கியால் பயனில்லை. அது இடுப்படித் தசைகளின் ஒத்திசைவுக் கோளாறாக இருக்கலாம். பயோஃபீட்பேக் என்ற தசைப் பயிற்சியால் இது நன்றாகக் குணமாகும். பெரிய நகரங்களின் இரைப்பைக் குடல் சிகிச்சை மையங்களில் கிடைக்கிறது.

படி 5: நார்ச்சத்து, அளவோடும் பொறுமையோடும்

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். தீட்டிய அரிசியில் நார் சொற்பம். மலை போல் சோறும் ஊறுகாய் அளவில் பொரியலும் வைக்கும் தட்டில் இந்தக் கணக்கு எட்டாது. சோற்றைக் குறைத்துப் பொரியலை இரட்டிப்பாக்குவது எளிய முதல் வேலை. அவரை, கொத்தவரை, கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, விதையோடு கொய்யா, வாரத்தில் சில நாள் கம்பு அல்லது கேழ்வரகு. ஊறவைத்த உலர் அத்தியும் திராட்சையும் சிலருக்கு நன்றாக உதவும். இரவில் வாழைப்பழம் என்ற மரபு நன்கு பழுத்த பழத்துக்குத்தான் பொருந்தும். காயாக இருக்கும் பழம் சிலருக்குக் கட்டவும் செய்யும்.

எல்லாவற்றையும் திங்கட்கிழமை தொடங்கினால் புதன்கிழமை வயிறு வெடித்துவிடும் போலிருக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். போதுமான தண்ணீர் ஏற்கெனவே குடிப்பவர் குடம் குடமாகக் கூட்டுவதால் மலம் இளகுவதில்லை. அது சிறுநீராகப் போய்விடும். குறைவாகக் குடிப்பவருக்கும் வெயிலில் வேலை செய்பவருக்கும்தான் தண்ணீர் மருந்து.

இசப்கோல் என்ற விதை உமி நல்ல தேர்வு. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, பெரிய டம்ளர் நிறைய நீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் நீர். வெறுமனே வாயில் போட்டு விழுங்கினால் தொண்டையிலேயே உப்பி அடைக்கும். மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும், விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும், மலம் கல்லாய் இறுகி அடைத்திருப்பவர்களுக்கும் வேண்டாம்.

படி 6: மலமிளக்கிகளைப் பற்றி நேர்மையாக

கடையில் விற்கும் பெரும்பாலான இரவுச் சூரணங்களின் உயிர்ப்பொருள் நிலவாகை. திருநெல்வேலிச் சீமையின் பயிர் என்பதால் உலகச் சந்தையில் இதற்குத் 'தின்னவேலி சென்னா' என்றே பெயர். "இயற்கை மூலிகை, பக்க விளைவே இல்லை" என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் இது குடலைத் தூண்டிவிடும் மருந்துதான். மாத்திரையாக வரும் பிசகோடைலும் இதே வகை. இரவு எடுத்தால் காலையில் வேலை செய்யும். எப்போதாவது பயன்படுத்துவதில் தவறில்லை. குடலே செத்துவிடும் என்று பயமுறுத்துவதற்கும் வலுவான சான்று கிடையாது. ஆனால் அளவு கூடினால் வயிற்றைப் பிசையும் வலியும் பேதியும் வரும், உடலில் பொட்டாசியம் குறையும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல.

பழக்கம் உருவாகும் விதத்தைக் கவனியுங்கள். சூரணம் குடலை முழுக்கக் கழுவிவிடுகிறது. காலியான குடல் நிரம்ப ஓரிரு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் போகவில்லையே என்ற பதற்றத்தில் மறுபடியும் டப்பா திறக்கப்படுகிறது.

நீண்ட நாள் தேவைப்படுபவர்களுக்கு பாலிஎத்திலீன் கிளைகால் பொடி பொருத்தமானது. குடலுக்குள் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குகிறது, ஒப்பீட்டில் காற்றும் குறைவு. லாக்டுலோஸ் சிரப்பும் அதே வேலையைச் செய்யும், ஆனால் உப்புசம் உள்ளவர்களை இன்னும் ஊத வைக்கும். மெக்னீசியம் கலந்தவை சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. விளக்கெண்ணெய் கொடுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றைக் கழுவும் வழக்கத்தைப் பிள்ளைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் காட்ட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அது கருப்பைச் சுருக்கத்தைத் தூண்டக்கூடும்.

படி 7: உப்புசத்தின் நேரத்தைப் பாருங்கள்

ஒரு நாளைக்குப் பத்து, இருபது முறை காற்று பிரிவது இயல்பு. நோட்டில் எழுதிய நேரம் இங்கே கைகொடுக்கும். சாப்பிடும்போதே நிறைந்து ஏப்பம் வந்துகொண்டிருந்தால் அவசரமாக விழுங்கிய காற்று, சோடா, பெரிய அளவு சாப்பாடு ஆகியவற்றைப் பாருங்கள். செரிக்கும் என்று குடிக்கும் சோடா உள்ளே கொண்டுபோகும் வாயுவைத்தான் ஏப்பமாகத் திருப்பித் தருகிறது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து அடிவயிறு ஊதினால் பெருங்குடலில் நடக்கும் நொதித்தலைச் சந்தேகியுங்கள். மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் அதைச் சரிசெய்வதே உப்புசத்துக்கு முதல் மருந்து.

நம் சமையலில் மூன்று சந்தேகக் குற்றவாளிகள். முதலாவது பால். தென்னிந்தியப் பெரியவர்களில் கணிசமானோருக்குப் பால் சர்க்கரை முழுதாகச் செரிப்பதில்லை. இரண்டு வாரம் பாலை நிறுத்தி, காபியைக் கறுப்பாகக் குடித்துப் பாருங்கள். தயிரும் மோரும் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். இரண்டாவது பருப்பும் பயறும். கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா இவற்றில் உள்ள சில சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் குழைய வேகவைத்தால் அவை கணிசமாகக் குறையும். பாசிப்பருப்பு பலருக்குச் சாதுவானது.

மூன்றாவதை யாரும் நம்பமாட்டார்கள்: வெங்காயமும் பூண்டும். வாயுவுக்கு மருந்தென்று பூண்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு மாலையில் வயிறு ஊதித் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். இவற்றிலுள்ள ஃப்ரக்டான் என்ற நார் வகை நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்து வெளியே போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், தொல்லை குறையும். பெருங்காயம் மிச்ச ருசியைப் பார்த்துக்கொள்ளும். குடலில் எளிதில் நொதிக்கும் இப்படிப்பட்ட சர்க்கரை, நார் வகைகளைக் குறைப்பதுதான் மெல்போர்ன் நகரின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபோட்மேப் குறைந்த உணவுமுறையின் அடிப்படை. இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கி, பின் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயுள் முழுக்க விலக்குவது அதன் நோக்கமல்ல. நம் அதிர்ஷ்டம், சோறு இதில் குற்றமற்றது.

சீரக நீர், ஓமம், சாப்பிட்ட பின் பத்து நிமிட நடை, இவை பாதகமில்லாத ஆறுதல்கள். தினமும் வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல் போடுவது உப்புசத்துக்கு மருந்தல்ல, அது அமிலத்துக்கானது.

படி 8: விநோதமாகத் தோன்றுபவை

மலத்தில் தக்காளித் தோலும் மிளகாய் விதையும் சோளமும் அப்படியே வந்தால் கவலை வேண்டாம். பீட்ரூட்டும் சிவப்பு டிராகன் பழமும் மலத்தைச் சிவக்க வைக்கும். இரும்பு மாத்திரை கறுக்க வைக்கும், ஆனால் அந்தக் கறுப்பில் தார்ப் பிசுபிசுப்பு இருக்காது. வெண்களிமண் நிறத்தில் போனால், கூடவே சிறுநீர் தேநீர் நிறத்தில் இருந்தால், பித்தம் குடலுக்கு வரவில்லை. உடனே பரிசோதனை வேண்டும். எண்ணெய் மிதப்பது போல் வெளுத்து, நாறி, கழிப்பிடத்தில் ஒட்டிக்கொண்டு போனால் கொழுப்பு செரிக்கவில்லை. கணையத்தைப் பார்க்க வேண்டும்.

வயதானவருக்கு நாலு நாள் போகாமல் இருந்து திடீரென்று நீராகக் கசியத் தொடங்கினால் பேதி என்று நினைத்து நிறுத்து மருந்து கொடுக்காதீர்கள். பல நேரம் உள்ளே இறுகிய மலத்தின் ஓரமாகக் கசியும் நீர் அது. சாப்பிட்ட பின் வலி, வயிற்றில் உருண்டு திரளும் உணர்வு, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு சேர்ந்தால் நம் நாட்டில் குடல் காசநோயை நினைத்தே ஆக வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாகத் தொடங்கிய உப்புசம் பெரும்பாலான நாட்களில் நீடித்து, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்டால் வாயு மாத்திரை போதாது. சினைப்பையை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 9: மருத்துவரிடம் போகும்போது

நோட்டையும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். சூரண டப்பாவையும் சேர்த்து. ரத்த அணுக்கள், தைராய்டு, சர்க்கரை, கால்சியம் ஆகியவை தொடக்கப் பரிசோதனைகள். வயதும் அறிகுறிகளும் கேட்டால் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி, அது மலம் கழிப்பதோடு தொடர்புடையது, மலத்தின் உருவமும் எண்ணிக்கையும் மாறுகின்றன, இது மாதக்கணக்கில் தொடர்கிறது என்றால் ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோயாக இருக்கலாம். அதற்கென்று மருந்துகள் இருக்கின்றன.

கொலோனோஸ்கோபியில் ஒன்றுமில்லை என்று வந்தால் "எல்லாம் மனப்பிரமை" என்று கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. அந்தக் குழாய் குடலின் உட்சுவரைப் பார்க்கிறது. தசை எப்படி இயங்குகிறது என்பது அதில் தெரியாது. மென்மையான மலமும் வெளியேறவில்லை என்று மறுபடியும் சொல்லி, ஆசனவாய்த் தசை அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி தேவையா என்று கேளுங்கள்.